இல்-பிசார் வைரவர்

இன்னும் ஐந்நூறு வருடம் கழித்துப் பிறக்கப்போகிறவர்களைப் பயமுறுத்துவதுதான் என் மகள் நிரோஜாவின் உத்தியோகம். என்னைக் கண்டு இதுவரை ஒருவரும் பயந்ததில்லை. என் தோட்டத்துத் தக்காளியைத் தின்ன வரும் அணில்கூட, பாதி தின்னும்போது நான் வந்தால் நிமிர்ந்து பார்த்துவிட்டு மிச்சத்தையும் தின்னும். ஆகவே இந்தத் திறமை அவளுக்குத் தாய்வழியில் வந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஒட்டாவா ஆற்றின் மேற்பக்கம், எங்கள் வீட்டிலிருந்து காரில் அரைநாள் ஓட்டத்தில், பழைய அணுக்கழிவுக் களஞ்சியம் ஒன்று இருக்கிறது. அதன் பெயரைச் சொல்லமாட்டேன் என்று மகள் கையெழுத்து வைத்திருக்கிறாள். எனக்கு அந்தப் பெயர் வாயில் நுழையாது என்பதால் இரகசியம் பத்திரமாக இருக்கிறது. அந்தக் காலத்தில் அகழி வெட்டி, இரும்புப் பீப்பாய்களை அடுக்கி, மேலே கொங்கிறீற் ஊற்றி, விருந்தாளி வருகிற அவசரத்தில் கட்டிலுக்குக் கீழே சாமான் தள்ளுவதுபோலத் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள். இப்போது கொங்கிறீற்றில் வெடிப்பு. பீப்பாய்களில் கறள். உள்ளே போகிற மழைத்தண்ணீர் வெளியே வரும்போது தனியே வராது, துணையோடு வரும். வந்தால் ஆற்றுக்குப் போகும். அந்த ஆறு இறங்கிவந்து, மொன்றியலை ஒட்டிய எங்கள் இல்-பிசார் தீவையும் சுற்றிக்கொண்டுதான் போகிறது. எங்கள் குழாயில் வருவதும், என் கோப்பியில் இருப்பதும் அதன் தண்ணீர்தான்.

நிரோஜா வேலை செய்கிற டவுன்டவுன் கொம்பனி, அதையெல்லாம் கிளறி எடுத்துத் திரும்பக் கட்டி, களிமண்ணால் மூடுகிற திட்டத்தில் ஒரு பங்கு எடுத்திருந்தது. மூடுவது சரி, ஆனால் உள்ளே இருப்பது அடங்குவதற்குப் பல நூறு வருடம் எடுக்கும். அதற்கிடையில் வேலி விழும், கொம்பனி மூடும், பேசுகிற மொழி மாறும். அங்கே என்ன புதைந்திருக்கிறது என்பதே ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது. நல்ல காற்று, ஆற்றுப்பக்கம், வீடு கட்டலாம் என்று எவனாவது அத்திவாரம் வெட்டுவான். அவனை வெட்டாமல் தடுக்க ஓர் அடையாளம் வேண்டும். எழுத்து இல்லாமல், பார்த்தவுடன் ஆளைத் திரும்பிப் போகவைக்கிற அடையாளம்.

அதற்கு வைத்த போட்டியின் கடைசிச் சுற்றுக்கு இரண்டு வடிவங்கள் வந்திருந்தன. ஒன்று வன்கூவரிலிருந்து வந்த கற்குவியல். மற்றது நிரோஜாவினுடையது. இத்தனை வருடமும் மற்றவர்கள் கீறிய வரைபடங்களைத் திருத்திக்கொடுத்த பிள்ளை, முதல்தடவை தானே கீறிய ஒற்றைக் கல். கோடை முழுவதும் மாதிரியை ஆள்நடமாட்டம் உள்ள இடத்தில் வைத்துக் கமராவில் பார்ப்பார்கள். ஓகஸ்ட் கடைசியில் நடுவர்கள் வருவார்கள். சனம் விலகிப் போயிருந்தால் அவளுடைய கல் அந்தக் களஞ்சியத்துக்கு மேலே நிற்கும். கிட்ட வந்திருந்தால் கல்லும் போச்சு, கோடையோடு அவளுடைய ஒப்பந்தமும் போச்சு.

ஆள்நடமாட்டம் உள்ள இடம் என்று அவள் தெரிவுசெய்தது எங்கள் வீட்டுப் பின்வளவை. நான் சிரித்துவிட்டேன். இல்-பிசாரில் வீடு வாங்கிய நாளிலிருந்து எங்களைத் தேடி ஒருவரும் வந்ததில்லை. வருவதற்கு பஸ்ஸும் அரிது. முப்பது வருடமாக மொன்றியலில் பஸ் ஓட்டுகிறவன், பஸ் வராத தீவாகப் பார்த்து வீடு வாங்கினான் என்று பாலத்துக்கு அப்பால் ரொக்ஸ்பரோவில் இருக்கிற எங்கள் சனம் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது.

“வளவுக் கரையாலே ஆத்துக்குப் போற பாதை இருக்கல்லே அப்பா,” என்றாள் நிரோஜா. “வெள்ளையள் காலமை பின்னேரம் நாயோடை நடக்குதுகள். ஆள்நடமாட்டத்துக்கு அது காணும்.”

ஜூன் தொடக்கத்தில் அவளும், அவளோடு வேலை செய்கிற நிர்மல் என்ற சென்னைப் பையனும் லொறியில் அதைக் கொண்டுவந்து இறக்கினார்கள். மேப்பிள் மரத்தடியில் நட்டு, கமராவையும் சென்சாரையும் பொருத்தினார்கள். ஆள் உயரம். கன்னங்கரேலென்ற நிறம். உச்சியில் மூன்று கூர், ஆகாயத்தைக் குத்துகிற மாதிரி. கீழே பிதுங்கின இரண்டு கண்கள், அதற்கும் கீழே பல் தெரிகிற வாய். எனக்கு எங்கள் டிப்போ மேலாளரின் ஞாபகம் வந்தது.

“ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லக்கூடாது,” என்றாள் நிரோஜா. “இது என்ன, ஏன், ஆர் வைச்சது, ஒண்டும். ஐந்நூறு வருசத்துக்குப் பிறகு வாறவைக்கு ஆரும் பக்கத்திலை நிண்டு விளக்கம் சொல்லமாட்டினம். கிட்டப் போகவேண்டாம் எண்டு மட்டும் சொல்லலாம். அதைத்தானே கல்லும் சொல்லுது.”

“அம்மாவுக்கும் சொல்லக்கூடாதோ?”

“அம்மாவுக்குச் சொன்னா ரொறொன்ரோவுக்கும் சொன்ன மாதிரி.”

அம்மா, அதாவது என் மனைவி தாட்சாயினி, அப்போதுதான் கையில் கத்தரிக்காயோடு குசினிக் கதவால் வெளியே வந்தாள். மேப்பிள் மரத்தடியைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டாள்.

“என்னப்பா?” என்றேன்.

“ஒண்டுமில்லை,” என்றாள். “செருப்புக்குள்ளை கல்லு.”

அந்த இடத்திலேயே எனக்கு விளங்கியிருக்கவேண்டும். ஆனால் நான் மெதுவாக விளங்குகிற ஆள்.

முதலில் எல்லாம் நன்றாகவே நடந்தது. ஓடிப் பயிற்சி எடுக்கிற தம்பதியர் கல்லைக் கண்டதும் பாதையின் மற்றக் கரைக்குப் போனார்கள். சைக்கிளில் வந்த பிள்ளைகள் மிதிப்பதைக் கூட்டினார்கள். பக்கத்துவீட்டு மிசியே கெய்தான் தன் நாயை இழுத்துக்கொண்டு, பொன்ஜூர் சொல்வதையும் மறந்து போனார். களஞ்சியப்பக்கம் கோடைவேலைக்குப் போயிருந்த நிரோஜா தொலைபேசியில் எடுத்தாள். குரலில் அப்படி ஒரு சந்தோசம்.

“அப்பா, வேலை செய்யுது. நிர்மல் படம் அனுப்பினவர். எல்லாரும் விலத்திப் போகினம்.”

“உன்ர அம்மாவின்ர முகச்சாடை கொஞ்சம் இருக்கு, அதுதான்,” என்றேன். குசினிக்குள்ளிருந்து அகப்பை விழுகிற சத்தம் கேட்டது.

பிறகு சிவநேசம் வந்தான்.

சிவநேசம் என் பழைய சிநேகிதன், ரொக்ஸ்பரோவில் இருக்கிறான். இந்த நகரத்தில் உள்ள எல்லாக் கோயில் நிர்வாகசபைகளிலும் இருந்து விலகியவன் என்ற பெருமை அவனுக்கு உண்டு. என் பனிதள்ளும் இயந்திரத்தை ஜனவரியில் இரவல் வாங்கினான், ஜூலையில் கொண்டுவந்தான். அதை ஷெட்டில் வைக்கப் பின்வளவுக்கு வந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

“லிங்கம், எப்ப வைரவரை வைச்சனீ?”

வைரவர் என்றதும்தான் எனக்கு வெளித்தது. கறுப்பு உடம்பு, பிதுங்கின கண், கோரப் பல், உச்சியில் சூலம், மரத்தடி. யாழ்ப்பாணத்தில் எந்த ஒழுங்கைக்குள் திரும்பினாலும் இப்படி ஒருவர் மரத்துக்குக் கீழே நிற்பார். ஐந்நூறு வருடத்துக்குச் சனத்தைத் துரத்துகிறேன் என்று என் பிள்ளை, நாங்கள் வேலை கிடைத்தாலும் கும்பிட்டு, போனாலும் கும்பிடுகிற ஆளைக் கீறி வைத்திருக்கிறாள். சின்னனில் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போன நேரம் எங்கேயோ கண்ணுக்குள் புகுந்திருக்கிறது போல.

“உது வைரவர் இல்லையடா.”

“அப்ப என்ன?”

“சொல்லக்கூடாது.”

சிவநேசத்தின் முகம் மாறியது. “ஆர் சொல்லக்கூடாதெண்டது?”

“அதையும் சொல்லக்கூடாது. நீ கிட்டப் போகாதை, அவ்வளவுதான்.”

“கிட்டப் போனா?”

“கூடாது,” என்றேன்.

சிவநேசம் மெதுவாக ரீசேட்டைக் கழற்றி இடுப்பில் கட்டினான். “துடியானவர் போல,” என்றான். அப்போது பார்த்து மிசியே கெய்தானின் நாய் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடிவந்து கல்லுக்கு முன்னால் நின்று குரைத்தது. “பாத்தியே,” என்றான் சிவநேசம், கன்னத்தில் போட்டுக்கொண்டு. “வாகனமும் வந்திட்டுது.”

அன்று பின்னேரமே வட்ஸ்அப்பில் போய்விட்டது. இல்-பிசாரில் லிங்கண்ணை வீட்டு வைரவர். தானாக வந்தவராம். யார் வைத்தது என்று கேட்டால் அவர் சொல்லமாட்டாராம். கிட்டப் போகவும் கூடாதாம். நான் எவ்வளவுக்கு மறுத்தேனோ அவ்வளவுக்கு அவருக்கு வலிமை கூடிக்கொண்டே போனது. அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் தெருவில் கார் நிற்பாட்ட இடமில்லை. இருபது வருடமாக, “உங்கட வீட்டுக்கு வாறதெண்டா விசா எடுக்கோணும்” என்று சொன்ன சனம் முழுவதும், கையில் தட்டோடு வந்து இறங்கியது.

வடைமாலை சாத்தினார்கள். வைரவருக்கு வடைமாலை விசேஷம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இல்-பிசார் அணில்களுக்கு அதைப்பற்றி முன்னனுபவம் இல்லை. முதல் வடையைக் கடித்த அணில் மிளகு உறைத்து மரத்தில் ஏறி, இறங்கி, திரும்பவும் ஏறியது. பிறகு தன் சொந்தக்காரர் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்தது. கொஞ்ச நாளில், இரவில் குப்பை கிளறுகிற றக்கூன்களும் வந்தன. சிவநேசம் இருக்கிறதற்கு ஒரு வாங்கு கொண்டுவந்து போட்டான். அதன் முதுகில், சாய்ந்திருப்பவர் முதுகால் முழுவதையும் மறைக்க முடியாத அளவுக்குப் பெரிய எழுத்தில், ‘உபயம்: சிவநேசம் குடும்பம், ரொக்ஸ்பரோ’ என்று இருந்தது. ஒரு வெள்ளி நிர்வாகசபை தெரிவானது, மறு வெள்ளி அது இரண்டாக உடைந்தது. எனக்கு இரண்டு பிரிவிலும் இடம் கிடைக்கவில்லை. வளவு என்னுடையது என்பதால் நடுநிலை இருக்காதாம்.

தாட்சாயினியிடம் கடைசியில் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “பிள்ளை பாவம்,” என்றாள். பிறகு உளுந்து ஊறப்போடப் போனாள். வெள்ளிக்கிழமைகளில் அது பழகிப்போயிருந்தது.

ஓகஸ்ட் நடுவில் நிர்மல் தொலைபேசியில் வந்தான். கமராப் படங்களை அவன்தான் பார்த்துத் தொகுக்கிறவன்.

“அங்கிள், டேட்டா கொஞ்சம் ஒரு மாதிரியா இருக்கு.”

“எப்பிடித் தம்பி?”

“போன வெள்ளிக்கிழமை ஒரு அம்மா தேங்காய் உடைச்சாங்க, அங்கிள். சென்சார்ல பட்டுடுச்சு.”

“நிரோஜாவுக்குத் தெரியுமோ?”

“ஜூன் வரைக்கும்தான் அனுப்பியிருக்கேன். அதுக்கு மேல அனுப்ப மனசு வரலை. அவங்க ரொம்ப நம்பிட்டு இருக்காங்க.” குரலைத் தணித்தான். “இன்னொண்ணு அங்கிள். அந்த வீடியோவுல நானும் இருக்கேன்.”

“நீயுமோ?”

“பேட்டரி மாத்த வந்தப்போ. இங்கயே தங்கறதுக்குப் போட்ட பி.ஆர். அப்ளிகேஷன் ரொம்ப நாளா பெண்டிங். சும்மா ஒரு கும்பிடு போட்டேன். எங்க ஊர்ல இவரை முனீஸ்வரன்னு சொல்லுவோம்.”

“முனீஸ்வரன் எண்டு சிவநேசத்துக்குச் சொல்லிப்போடாதை. மூண்டாவது பிரிவு வந்திடும்.”

“அங்கிள், ஒண்ணு பண்ணலாம். கமரா வெயில்ல வேலை செய்யலைன்னு சொல்லிடறேன். நீங்க இடத்தை மட்டும் க்ளீன் பண்ணிடுங்க. வர்றவங்க கல்லை மட்டும்தான் பார்ப்பாங்க.”

பிள்ளைக்காக என்றால் நான் எதையும் செய்வேன். பொய் சொல்வதைவிட வளவு கூட்டுவதுதான் எனக்குப் பஞ்சி, உடம்பு வளையாது, ஆனாலும் ஒத்துக்கொண்டேன்.

நடுவர்கள் வருவதற்கு முதல்நாள் காலை, லீவு போட்டுவிட்டு வேலையில் இறங்கினேன். வாங்கை ஷெட்டுக்குள் தள்ளினேன். மாலைகளைக் கழற்றினேன். தண்ணீர்க் குழாயை இழுத்துவந்து குங்குமத்தைக் கழுவத் தொடங்கினேன். பிதுங்கின கண்களால் சிவப்பாக வழிந்து இறங்கியபோது முந்தியதைவிடப் பயங்கரமாக இருந்தது. அதையும் கழுவினேன். அப்போதுதான் மரத்துக்குப் பின்னால் ஒரு கட்டையைக் கண்டேன். மஞ்சள் துணி சுற்றி நிலத்தில் அறைந்திருந்தது.

சிவநேசத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். “டேய், இதென்ன கட்டை?”

“கிணத்துக்கு,” என்றான்.

“என்ன கிணறு?”

“கோயிலெண்டா கிணறு வேண்டாமே? அபிஷேகத்துக்குக் குழாய்த் தண்ணியோ வாக்கிறது? தேங்காயைக் கையிலை வைச்சு நடந்து பாத்தனான். அந்த இடத்திலை நிமிந்து நிண்டிட்டுது. நல்ல ஊத்து. மருமோன் கட்டடவேலைதானே, செப்டெம்பரிலை மிசினோடை வாறன் எண்டவன்.”

“என்ர வளவுக்கை என்னைக் கேளாமல் கிணறோ?”

“உன்னைக் கேட்டா ஒண்டும் சொல்லக்கூடாது எண்டுதானே சொல்லுறாய்.”

பாதையில் யாரோ வருகிற சத்தம் கேட்டுத் தொலைபேசியை வைத்தேன். பிலோமினம்மா. இதே தீவில், பாலத்தடியில் இருக்கிறவர். ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிற வேதக்காரி. கையில் ஒரு மெழுகுதிரி. என்னைக் கண்டதும் அதைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்தார்.

“நான் சும்மா நடந்துகொண்டு வந்தனான் தம்பி.”

“நடவுங்கோ அக்கா.”

நடக்கவில்லை. “எங்கட சுவாமிக்குச் சொல்லிப்போடாதை,” என்றார். சுவாமி என்று சொன்னது பங்குத்தந்தையை. “என்ர மனுசனுக்காண்டித்தான். வயோதிபர் ஹோமிலை விட்டு ரெண்டு வருசமாகுது. போன மாசத்திலை இருந்து என்னை ஆரெண்டு தெரியேல்லை. நான் கொண்டுபோற கோப்பிக்குச் சீனி காணாது எண்டு மட்டும் தெரியுது.” சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் கண் நிறைந்துவிட்டது. “மாதாவிட்டைக் கேட்டுக் கேட்டு அவவுக்கும் அலுத்துப்போயிருக்கும். இந்த வைரவர் பாக்கவே பயமாயிருக்கிறார். பயமான ஆளெண்டா ஏதும் செய்வார் எண்டு நினைச்சன்.”

என் கையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குழாயைப் பூட்டிவிட்டு, மெழுகுதிரியைக் கொளுத்தக் காற்றுக்கு மறைப்பாக நின்றேன். நான் வேறு என்னத்தைச் செய்ய.

“அப்பா.”

நிரோஜா வீட்டு மூலையில் நின்றாள். அடுத்தநாள் வருவதாகச் சொன்னவள், ஒருநாள் முந்திவிட்டாள். தோளில் பை. அவள் பார்த்தது இதைத்தான்: பாதி கழுவிய வைரவர், எரிகிற மெழுகுதிரி, கழற்றிப்போட்ட வடைமாலையை இழுத்துக்கொண்டு போகிற ஓர் அணில், ஈரச் சாரத்தோடு தகப்பன்.

“இது எவ்வளவு நாளா?”

“ஜூலையிலை இருந்து.”

பையை இறக்கி வைத்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் பிலோமினம்மாவுக்குப் பக்கத்தில் புல்லில் இருந்தாள். “அன்ரி, உங்களுக்கு இதைப் பாக்கப் பயமா இல்லையா?”

“பயம்தானே பிள்ளை. அதுதானே வந்தனான்.”

நிரோஜா முழங்காலில் நாடியை வைத்துக்கொண்டு கல்லைப் பார்த்தபடி இருந்தாள். பிலோமினம்மா பெரியவர், இடம் விளங்கி மெதுவாக எழும்பிப் போனார்.

“கவலைப்படாதை,” என்றேன். “அரைவாசி கழுவிட்டன். பின்னேரத்துக்கிடையிலை முழுக்கச் சுத்தமாயிடும். நிர்மல் கமரா வேலை செய்யேல்லை எண்டு சொல்லுவார். வாறவைக்கு ஒண்டும் தெரியவராது. உன்ர கல் வெண்டிடும்.”

அவள் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கதைக்கு அழகாக இருந்திருக்கும். என் பிள்ளை யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். அந்தக் கல்லை அவள் எவ்வளவு விரும்பினாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“அது என்ன மஞ்சள் துணி?” என்றாள்.

“அது, சிவநேச மாமா…”

“என்னத்துக்கு?”

“கிணறு கிண்ட.”

நிரோஜா கல்லை விட்டு என் பக்கம் திரும்பினாள்.

“எவ்வளவு ஆழம்?”

“தண்ணி வாற மட்டும்.”

“அப்பா, அங்கை களஞ்சியத்திலை மேலே மூடுறது ரெண்டு ஆள் உயரம்தான். அதுக்குக் கீழே பீப்பாய். என்ர கல்லைப் பாத்திட்டு ஒருத்தர் ஓடினா நல்லது. ஒருத்தர் கும்பிட்டாலும் பரவாயில்லை. கும்பிட்டவர் கிணறு கிண்டினா? அந்தத் தண்ணியை எடுத்துத் தலையிலை தெளிச்சு, பிள்ளையளுக்கும் குடிக்கக் குடுத்தா?”

தீர்த்தம் என்று கையை ஏந்தி வாங்கி, வாயில் விட்டு, மிச்சத்தைத் தலையில் தடவுகிற எங்கள் பழக்கம் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. சிவநேசத்தைப்போல ஒருவன் ஐந்நூறு வருடத்துக்குப் பிறகும் இருப்பான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவனுக்கும் கையில் தேங்காய் நிமிர்ந்து நிற்கும்.

“ஆராவது எங்கட சனத்தைத் துரத்தவேணுமெண்டா,” என்றேன், அவளைச் சிரிக்கவைக்க, “கல்லெல்லாம் வேண்டாம். ஒரு பலகையிலை, இங்கே வருடாந்தப் பொதுக்கூட்டம், தொண்டர்கள் தேவை எண்டு எழுதி வை. ஒரு குருவியும் கிட்ட வராது.”

சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நான் பக்கத்தில் இருந்து அவளுடைய பையின் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தோளைத் தொட்டால் எனக்கும் வந்துவிடும்.

பிறகு எழும்பி மூக்கைத் துடைத்தாள். “மாலையைத் திரும்பப் போடுங்கோ அப்பா. வாங்கையும் எடுத்து வையுங்கோ. நிர்மலை எல்லா வீடியோவையும் அனுப்பச் சொல்லப்போறன்.”

“பிள்ளை, உன்ர ஒப்பந்தம்?”

“போடுங்கோ அப்பா.”

அடுத்தநாள் நடுவர்கள் வந்தார்கள். நரைத்த தலையோடு ஒரு மதாம், அவருக்குப் பின்னால் இரண்டு பேர். தாட்சாயினி குளிக்க முந்தி நடுவர்களுக்கு வடை சுட்டு, குளித்த பிறகு வைரவருக்கும் சுட்டிருந்தாள். சிவநேசத்தை வரவேண்டாம் என்று சொல்லியிருந்தபடியால் அவன் வேட்டியோடு வந்திருந்தான்.

நிரோஜா பிரெஞ்சில் விளக்கினாள். என் பிரெஞ்சு பஸ் ஓட்டுகிற பிரெஞ்சு. பின்னுக்குப் போங்கள், கதவை விடுங்கள் என்பதைத் தாண்டினால் தட்டுத்தடுமாறும். ஆனாலும் அவள் கல்லைக் காட்டி, “இது தோற்றுவிட்டது,” என்று சொன்னது விளங்கியது. மஞ்சள் துணியைக் காட்டிச் சொன்னபோது மதாமின் பேனை நின்றதும் விளங்கியது. நிர்மல் மடிக்கணினியில் படங்களைக் காட்டினான். தான் கும்பிடுகிற இடத்தை விரைவாக ஓட்டப் பார்த்தான். மதாம் திருப்பிப் போடச் சொன்னார். அவன் பார்வையை மேப்பிள் இலைகளுக்குக் கொண்டுபோனான்.

மதாம் சிவநேசத்திடம் ஏதோ கேட்டார். நிரோஜா மொழிபெயர்த்தாள். “மாமா, இதிலை ஆபத்து இருக்கு, ஆக்கள் சாகலாம் எண்டு எழுதியிருந்தா வராமல் விட்டிருப்பியளோ எண்டு கேக்கிறா.”

சிவநேசம் நெஞ்சை நிமிர்த்தினான். “அப்பிடி எழுதியிருந்தா முதலே வந்திருப்பன் எண்டு சொல்லு பிள்ளை. சும்மா ஆளுக்கு அப்பிடி ஆர் எழுதுவினம்?”

மதாம் அதை ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார். போகும்போது வடை ஒன்றைக் கடித்தார். உறைப்பில் முகம் சிவந்தது, ஆனால் அணிலைவிட அடக்கமாக நடந்துகொண்டார்.

பதில் செப்டெம்பரில் வந்தது. நிரோஜாவின் கல் போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. வன்கூவர்க் கற்குவியலையும் அவர்கள் அப்படியே எடுக்கவில்லை. அதை வேறு வேறு சனங்களுக்கு நடுவில் வைத்துச் சோதிக்கவேண்டும், எங்கே பிழை வரும் என்று தேடவேண்டும், அதுவரை களஞ்சியத்தில் வேலியும் காவலும் தொடரவேண்டும் என்று முடிவாம். பிழை தேடுகிற வேலைக்கு ஓர் ஆள் வேண்டும். கொம்பனி நிரோஜாவைக் கேட்டது. சொந்தமாகக் கீறுகிற வேலை இல்லை, மற்றவர்கள் கீறியதைத் திரும்பவும் பார்க்கிற வேலைதான்.

“எடுக்கப்போறியோ?” என்று கேட்டேன்.

“எடுத்திட்டன்,” என்றாள். “கல்லுப் போனது கவலைதான் அப்பா. நல்லா இருந்தது, என்ன?”

“திறமான கல்,” என்றேன். “மொன்றியலிலேயே அதுக்குத்தான் அதிகம் சனம் வந்தது.”

கல்லைக் கழற்றுகிற நாள் தாட்சாயினி ஐயரைக் கூப்பிட்டிருந்தாள். கும்பிட்ட கல்லைச் சும்மா லொறியில் ஏற்றமுடியாது, அதில் இருக்கிறவரை முறைப்படி கும்பத்துக்கு மாற்றவேண்டும் என்றாள். ஐயரும் வந்து மாற்றினார். கும்பத்தை எந்தப் பிரிவு கொண்டுபோவது என்று சண்டை வந்தது. கடைசியில் சிவநேசம் வென்று, ரொக்ஸ்பரோவில் தன் மூன்றாம் மாடி அப்பார்ட்மென்டுக்குக் கொண்டுபோனான். மூன்றாம் மாடியில் கிணறு கிண்டமுடியாது என்பதில் நிரோஜாவுக்கு அப்படி ஒரு நிம்மதி.

நிர்மல் லொறியை எடுத்துக்கொண்டு போன பிறகு, மரத்தடியில் இருந்த குழியை நிரோஜா மண்வெட்டியால் மூடிக்கொண்டிருந்தாள். பிலோமினம்மா பாதையால் வந்தார். வெறும் இடத்தைப் பார்த்தார். அவருக்கு இதுவரை ஒருவரும் விளக்கம் சொல்லவில்லை. இனிச் சொல்லலாம் என்பதால் நிரோஜா சொன்னாள்: இது சாமி இல்லை, அடையாளம். ஆற்றுக்கு மேலே ஒரு களஞ்சியம், அதற்குள் பல நூறு வருடத்துக்கு ஒருவரும் தொடக்கூடாத சாமான். அது அங்கே இருக்கிறது என்பதைச் சனம் மறந்துபோகும் என்ற பயத்தில் செய்தது.

பிலோமினம்மா கோபிக்கவில்லை.

“மறக்கத்தான் செய்வினம் பிள்ளை,” என்றார். “எங்கட இவர் ஐம்பது வருசத்தை ஒரு மாசத்திலை மறந்திட்டார். அப்ப அதை இப்ப ஆர் பாக்கினம்?”

“வேலி இருக்கு அன்ரி. காவலுக்கு ஆக்கள் இருக்கினம். தண்ணியைக் கிழமைக்குக் கிழமை எடுத்துச் சோதிக்கினம்.” நிரோஜா மண்ணைக் காலால் மிதித்து இறுக்கினாள். “திங்கட்கிழமையிலை இருந்து நானும் பாக்கிறன்.”

“நீ எவ்வளவு காலத்துக்குப் பாப்பாய்?”

“ஏலுமான வரைக்கும்.”

பிலோமினம்மா தலையாட்டினார். கையில் இருந்த மெழுகுதிரியை என்ன செய்வதென்று தெரியாமல் ஒருமுறை மரத்தைப் பார்த்தார், ஒருமுறை ஆற்றுப் பக்கம் பார்த்தார். பிறகு அதை நிரோஜாவின் மேற்சட்டைப் பைக்குள் செருகிவிட்டு, “குளிர் வருது, தொப்பி போட்டுக்கொண்டு போ,” என்று சொல்லி, தன் மனுசனுக்குக் கோப்பி கொண்டுபோக நடந்தார்.